பசித்தார்களா, பட்டினி போடப்பட்டார்களா?

(தில்லியில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற வகுப்பு முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில் ஓர் இளம் தோழர் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். "ஏகாதிபத்தியம், ஏகபோகம், சந்தை என்று நீங்கள் பல காரணம் சொல்கிறீர்கள், தோழர். எங்கள் அலுவலகத்தில் எவரிடம் பேசினாலும் ஒரே பதில்தான் வருகிறது. மனிதனுடைய சுயநலம்தான் உலகத்தில் பசிக்குக் காரணம், அது மாறாதவரை எந்தச் சட்டமும் எந்தப் புரட்சியும் ஒன்றும் செய்துவிட முடியாது என்கிறார்கள். இதற்கு நான் என்ன சொல்வது?" என்று அவர் கேட்டார்.

அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. வர்க்க சமுதாயத்தில் மனித இயல்பு என்பதே வர்க்கத்தன்மை கொண்டது என்று தொடங்கிப் பாடப் புத்தகத்தை ஒப்பித்தேன். அவர் பணிவுடன் தலையசைத்தார். ஏற்றுக்கொள்ளவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவருடைய அலுவலக நண்பர்கள் தீயவர்கள் அல்லர். கோயிலில் அன்னதானத்துக்கு நன்கொடை தருபவர்களாகக்கூட இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு மேற்கோளைப் பதிலாகத் தருவது அவர்களை அவமதிப்பதாகும்.

தன்னலம் இருக்கிறது என்பதை மறுப்பதில் பயனில்லை. நம்மிடமும் இருக்கிறது. விலை ஏறப்போகிறது என்று செய்தி வந்தால் இரண்டு கிலோ வெங்காயம் கூடுதலாக வாங்கி வைக்காத வீடு எது? அந்த இரண்டு கிலோவால் எவரும் சாவதில்லை. ஆனால் அதே தன்னலம் சில காலங்களில், சிலருடைய கையில், லட்சக்கணக்கானோரைக் கொன்றிருக்கிறது. எப்போது கொல்கிறது, எந்த ஏற்பாட்டின் துணையோடு கொல்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. இதைப் பொதுப்படையாகப் பேசினால் மறுபடியும் உபதேசமாகிவிடும். எனவே நம் நாட்டில் நடந்த ஒன்றையே, 1943 ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

அதைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்சி வகுப்புகளுக்கான கையேடு ஒன்றை இப்போது ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பஞ்சத்தைப் பற்றி ஆராய ஆங்கிலேய அரசு அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கைப் பகுதிகள் அதில் இடம்பெறுகின்றன. சர் ஜான் உட்ஹெட் தலைமையில் அமைந்த அந்தக் குழு 1945 இல் அறிக்கை அளித்தது. அதில் ஒரு வாக்கியத்தில் வரும் 'ஸ்டார்வ்' என்னும் வினைச்சொல்லில் இரண்டு நாள் நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் உண்ண உணவின்றி வாடுவதற்கும் அதே சொல்தான், ஒருவரை உணவின்றி வாட்டுவதற்கும் அதே சொல்தான். தமிழ் அவ்வளவு எளிதில் நம்மை விட்டுவிடுவதில்லை. 'பசித்தான்' என்றால் அது உடலின் செய்தி. 'பட்டினி கிடந்தான்' என்றால் அவனுடைய நிலை. 'பட்டினி போட்டான்' என்றால் போட்டவன் ஒருவன் இருக்கிறான். அவன் யார் என்று அடுத்த வரியில் சொல்லியாக வேண்டும். 'பஞ்சம் வந்தது' என்கிறோமே, அதில் போட்டவனும் இல்லை, கிடந்தவனும் இல்லை. மழை வந்தது, வெயில் வந்தது என்பது போலப் பஞ்சமும் தானாக வந்துவிடுகிறது. இலக்கணம் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். வங்காளத்தில் எந்த வினைச்சொல் பொருந்தும் என்பதுதான் இன்றைய நம் விவாதப் பொருளே.

அந்த விசாரணைக் குழுவின் அறிக்கை நம் இளம் தோழரின் அலுவலக நண்பர்களுடைய கருத்தை ஏறத்தாழ அப்படியே பேசுகிறது. விலையேற்றத்துக்கு அச்சமும் பேராசையும் ஒரு காரணம் என்கிறது. சிலர் பெருத்த லாபம் அடைந்தார்கள், அது பிறருக்குச் சாவாயிற்று என்கிறது. நிர்வாகம் சீர்குலைந்ததோடு சமூக ஒழுக்கமும் சீர்குலைந்தது என்கிறது. வங்காள அரசையும் குறை கூறுகிறது, தில்லியையும் குறை கூறுகிறது. லண்டனின் பக்கம் திரும்பும்போது மட்டும் பேனா மிக மென்மையாகிவிடுகிறது. அக்குழு பொய் சொல்லிற்று என்று நான் கூறவில்லை. அதில் உண்மை நிறைய இருக்கிறது, நாமே அதை மேற்கோள் காட்டுகிறோம். ஆயினும் ஒழுக்கம் குலைந்தது என்று சொல்லும்போது சோற்றுக்கு வழியின்றிச் செத்தவனும், படகைப் பறித்தவனும், நெல்லைப் பதுக்கியவனும், கப்பலை மறுத்தவனும் 'சமூகம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. பர்மா அரிசி நின்றது. அடுத்து ஜப்பானியர் வங்கக் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள் என்று அஞ்சிய ஆங்கிலேய அரசு, எதிரிக்கு எதுவும் கிடைக்கக் கூடாது என்னும் 'மறுப்புக் கொள்கை'யைக் கடலோர மாவட்டங்களில் நடைமுறைப்படுத்தியது. பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகள் பறிமுதல் செய்யப்பட்டன, உடைக்கப்பட்டன, அல்லது வேறிடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன. பதிவு செய்யப்பட்ட சுமார் 66 ஆயிரம் படகுகளில் 46 ஆயிரத்துக்கு மேற்பட்டவை மக்களுக்குப் பயன்படாமல் போயின. டெல்டாப் பகுதியில் படகு என்பது நமக்கு மாட்டு வண்டி, லாரி, பேருந்து அனைத்தும் சேர்ந்தது போல. மீனவன் கடலுக்குப் போவது அதில்தான், குயவன் பானைகளைச் சந்தைக்குக் கொண்டு போவதும் அதில்தான், ஆற்றுத் தீவுகளில் உழுதவன் தன் வயலுக்குப் போவதும் அதில்தான். இதோடு, கடலோர மாவட்டங்களில் உபரியாகக் கருதப்பட்ட நெல்லும் அரிசியும் தனியார் வணிக முகவர்கள் வழியே வாங்கி அகற்றப்பட்டன. எதிரி வரவில்லை. மறுப்பு மட்டும் வந்தது.

அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று மிதுனாப்பூர் மாவட்டத்தைப் புயல் தாக்கிற்று. 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் வலுவாக நடந்துகொண்டிருந்த மாவட்டம் அது. ஆகவே புயலின் செய்தியே சில நாட்கள் பத்திரிகைகளுக்கு எட்டாமல் தடுத்து வைக்கப்பட்டது. குளிர்கால நெற்பயிரில் நோயும் பரவியது. விளைச்சல் குறைந்தது உண்மை.

எவ்வளவு குறைந்தது? அமர்த்தியா சென் 1981 இல் வெளியிட்ட நூலில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1943 இல் வங்காளத்தில் கிடைத்த அரிசி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடுதான் குறைவு. 1941 ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் 13 விழுக்காடு அதிகம். 1941 இல் பஞ்சம் இல்லை. 1943 இல் தொடங்கிய பஞ்சத்தில் விசாரணைக் குழுவின் கணக்குப்படியே 15 லட்சம் பேர் மாண்டனர். பிற்காலத்து ஆய்வாளர்களின் கணக்கு 30 லட்சம் வரை செல்கிறது. சென்னின் கணக்கோடு முரண்படும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், பயிர்நோயின் சேதம் அவர் எண்ணியதைவிட அதிகம் என்பது அவர்கள் வாதம். அதையும் ஏற்றுக்கொண்டே கேட்கலாம்: பற்றாக்குறை ஏன் எல்லார் தட்டிலும் சிறிது சிறிதாகக் குறையாமல், சிலர் தட்டில் முழுதாகக் குறைந்தது?

விலையைப் பாருங்கள். 1942 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு மணங்கு அரிசி 13, 14 ரூபாய். 1943 மார்ச்சில் 21 ரூபாய். மே மாதத்தில் 30 ரூபாய்க்கு மேல். ஆகஸ்டில் 37 ரூபாய். இது கல்கத்தா விலை. கிழக்கு மாவட்டங்களில் இதைவிடப் பல மடங்கு ஏறிற்று. அந்த மார்ச் மாதத்தில்தான் அரசு அரிசி மீதான விலைக் கட்டுப்பாட்டைக் கைவிட்டது என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். விவசாயத் தொழிலாளியின் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. மீனுக்கோ பாலுக்கோ கிடைத்த அரிசியின் அளவு சுருங்கிக்கொண்டே போனது. மற்றவர்களே சோற்றுக்குத் திண்டாடும்போது எவன் முடி வெட்டிக்கொள்வான்? எனவே நாவிதரின் தொழில் நின்றது. படகோட்டிக்குப் படகே இல்லை. நெல் குத்திப் பிழைத்த பெண்களுக்குக் குத்துவதற்கு நெல் இல்லை. இவர்கள்தாம் முதலில் விழுந்தார்கள்.

கல்கத்தா நகரத்தின் நிரந்தரவாசிகள் பெரும்பாலும் சாகவில்லை. நகரத்தின் நடைபாதைகளில் செத்தவர்கள் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். வீட்டு வாசல்களில் நின்று அவர்கள் சோறு கேட்கவில்லை. 'ஃப்யான் தாவ்' என்று கேட்டார்கள். வங்காளியில் ஃப்யான் என்றால் வடிகஞ்சி. சோற்றை வடித்தபின் சாக்கடையில் ஊற்றுவோமே, அந்த நீர். இவர்களுக்கு அரசு ஏடுகளில் வழங்கிய பெயர் 'நோயுற்ற ஆதரவற்றோர்'. பஞ்சம் என்ற சொல்லை எழுதக் கூடாது. எழுதினால் பஞ்ச நிவாரண விதித்தொகுப்பின்படி அறிவிப்புச் செய்து, வேலையும் உணவும் கொடுக்க வேண்டிவரும். கடைசிவரை அவ்வாறு அறிவிக்கவே இல்லை. 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டின் ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸ் 1943 ஆகஸ்ட் 22 அன்று நடைபாதைப் பிணங்களின் படங்களை வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆங்கிலேய முதலாளிகளின் ஏடுதான் அது என்பதையும் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும்.

கல்கத்தாக்காரர்கள் ஏன் சாகவில்லை? அவர்கள் தன்னலமற்றவர்கள் என்பதாலா? 1942 ஆகஸ்டிலேயே ஐரோப்பிய முதலாளிகளின் வணிகச் சபை, அரசின் ஒப்புதலோடு, யுத்தத் தொழிற்சாலைகள், துறைமுகம், ரயில்வே, அரசு அலுவலகங்கள் ஆகியவற்றில் பணிபுரிவோருக்கு மலிவு விலையில் தானியம் வழங்கத் திட்டம் வகுத்துவிட்டது. 'முன்னுரிமைப் பிரிவினர்' என்பது அவர்களுக்கிட்ட பெயர். அந்தத் தானியம் எங்கிருந்து வந்தது? எந்த விலைக்கும் வாங்கலாம் என்ற பணபலத்தோடு கிராமங்களிலிருந்து உறிஞ்சப்பட்டது. 1943 ஜூனில் பதுக்கலைக் கண்டுபிடிக்க அரசு வங்காளம் முழுவதும் ஒரு பெரிய சோதனை இயக்கம் நடத்தியது. சிறு விவசாயியின் குதிர்கூட எட்டிப் பார்க்கப்பட்டது. அந்தச் சோதனையிலிருந்து விலக்கப்பட்ட இடங்கள் இரண்டு: கல்கத்தாவும் ஹௌராவும். பெரும் வணிகர்களின் கிடங்குகள் இருந்த இடங்கள்!

தன்னலம்தான் காரணம் என்பவர்களிடம் நான் இப்போது கேட்க விரும்புவது இதுதான். விவசாயி தன் குதிரில் பத்து மணங்கு வைத்திருந்ததும் தன்னலம். வணிகர் கிடங்கில் பத்தாயிரம் மணங்கு வைத்திருந்ததும் தன்னலம். சட்டத்தின் கை எந்தக் கதவைத் தட்டியது, எந்தக் கதவைத் தாண்டிப் போனது என்பதற்குத் தன்னலம் என்ற சொல்லில் விடை இருக்கிறதா?

இன்னும் ஓர் ஒப்பீடு. பம்பாய் நகரத்தில் 1943 மே மாதத்திலேயே அளவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. கல்கத்தாவில் அது வந்தது 1944 ஜனவரி கடைசி நாளில். இடைப்பட்ட ஒன்பது மாதங்கள்தாம் சாவின் மாதங்கள். திருவிதாங்கூரும் கொச்சியும் தம் அரிசித் தேவையின் பெரும்பகுதிக்கு வெளியுலகையே, குறிப்பாகப் பர்மாவையே, நம்பியிருந்தவை. ரங்கூன் வீழ்ந்ததும் வங்காளத்தைவிட முதலில் சாய்ந்திருக்க வேண்டியவை அவை. அங்கே கிராமங்கள் உட்பட எல்லாக் குடும்பங்களுக்கும் பங்கீட்டு அட்டை வழங்கப்பட்டது. துன்பம் இல்லாமல் போய்விடவில்லை. பங்கீட்டு அளவு மிகக் குறைவு, கயிற்றுத் தொழிலாளர்கள் வாழ்ந்த கடலோரப் பகுதிகளில் பசியும் நோயும் பல உயிர்களைக் கொண்டுபோயின. ஆயினும் வங்காளத்தில் நடந்தது அங்கே நடக்கவில்லை. பம்பாய் வணிகர் கல்கத்தா வணிகரைவிட நல்லவர் என்றோ, கொச்சியில் மனித இயல்பு வேறு என்றோ எவரும் வாதிட மாட்டார்கள்.

பிரிட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். யுத்தம் தொடங்கிய நான்கே மாதங்களில், 1940 ஜனவரியில், அங்கே வெண்ணெயும் பன்றி இறைச்சியும் சர்க்கரையும் பங்கீட்டுக்கு வந்துவிட்டன. தன் மக்களின் நல்லொழுக்கத்தை நம்பி இவற்றைச் சந்தையில் விட்டுவைக்கும் துணிவு பின்னர் வந்த சர்ச்சிலின் அமைச்சரவைக்கும் இருக்கவில்லை. பிரபுவுக்கும் பங்கீட்டு அட்டைதான், சுரங்கத் தொழிலாளிக்கும் பங்கீட்டு அட்டைதான். அதே அமைச்சரவையிடம்தான் 1943 இல் இந்தியாவுக்கான அமைச்சர் அமெரியும் இங்கிருந்த வைஸ்ராய்களும் கோதுமைக் கப்பல் கேட்டு மீண்டும் மீண்டும் எழுதினார்கள். கேட்டதில் ஒரு சிறு பகுதியே, அதுவும் காலம் கடந்து, கிடைத்தது. தன் நாட்டில் மனிதனின் பேராசைக்குக் கடிவாளம் போட்டவர்கள், இங்கே கடிவாளத்தை அவிழ்த்துவிட்டு, பிறகு இந்தியர்களின் பேராசையைப் பற்றி அறிக்கை எழுதினார்கள்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். கூறாமல் தாண்டிச் செல்வது எளிது, கையேட்டின் முதல் வரைவும் தாண்டித்தான் சென்றிருந்தது. அன்றைய கம்யூனிஸ்ட் கட்சி பஞ்சத்தில் செய்த பணி நம் வரலாற்றின் உயர்ந்த பக்கங்களில் ஒன்று. கஞ்சித் தொட்டிகளை நடத்தினார்கள். மகிளா ஆத்மரட்சா சமிதியின் பெண்கள் 1943 மார்ச்சில் ஆயிரக்கணக்கில் திரண்டு சட்டமன்றத்துக்கு அணிவகுத்துச் சென்று அரிசி கேட்டார்கள். சித்தபிரசாத் மிதுனாப்பூரில் ஊர் ஊராக நடந்து வரைந்த ஓவியங்களின் நூலை ஆங்கிலேய அரசு பறிமுதல் செய்து அழித்தது. சுனில் ஜானாவின் புகைப்படங்கள் கட்சிப் பத்திரிகைகளின் வழியே நாடெங்கும் சென்றன. இவையெல்லாம் உண்மை. அதே வேளையில், யுத்தம் மக்கள் யுத்தமாகிவிட்டது என்ற நிலைப்பாட்டின் காரணமாக, நம் முழக்கத்தின் கூர்மை பதுக்கல்காரனின் மேல் விழுந்த அளவுக்கு, படகைப் பறித்த அரசின் மேலும் கப்பலை மறுத்த அமைச்சரவையின் மேலும் விழவில்லை. பதுக்கல்காரன் உண்மையான குற்றவாளி, ஐயமில்லை. ஆனால் பதுக்கல்காரனை மட்டும் தனியே நிறுத்திக் காட்டும்போது நாமும் நம்மை அறியாமலேயே தன்னலக் கோட்பாட்டின் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறோம். தீய மனிதன் ஒருவன் கிடைத்துவிட்டான், அவனைப் பிடித்தால் போதும் என்றாகிவிடுகிறது. இளம் தோழருக்கு அன்று நான் தடுமாறிப் பதில் சொன்னதற்கும் இந்தப் பழைய பழக்கம் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ் படித்தவன் பசியைப் பற்றிப் பேசும்போது மணிமேகலையைத் தொடாமல் போக முடியாது. மதுரையில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். ஆபுத்திரன் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. பிறகு இந்திரன் மழை பெய்விக்கிறான். நாடு செழிக்கிறது. அமுதசுரபியிடம் உண்ண வருவார் எவரும் இல்லாமல் போகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. மழை பெய்தால் பசி தீரும், பசி தீர்ந்தால் தருமத்துக்கே வேலை இல்லை. வங்காளத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1943 டிசம்பர் அறுவடை மிக நல்ல அறுவடை. வயல் முழுக்க நெல். ஆனால் சாவு நிற்கவில்லை. மலேரியாவும் காலராவும் அம்மையும் எலும்புக்கூடாகிவிட்ட உடல்களை 1944 முழுவதும் அறுத்துக்கொண்டே போயின. மொத்தச் சாவுகளில் பாதிக்கும் மேல் அந்த நல்ல அறுவடைக்குப் பிறகு நிகழ்ந்தவை.

விளைந்த நெல் யாருடையது என்பதும் மாறிவிட்டிருந்தது. பேராசிரியர் மகலனோபிஸ் தலைமையில் இந்தியப் புள்ளியியல் கழகம் நடத்திய ஆய்வின்படி, பஞ்ச ஆண்டில் சுமார் 2.6 லட்சம் குடும்பங்கள் தங்கள் நெல் நிலம் முழுவதையும் இழந்தன. பகுதியை விற்றவர்களும் அடகு வைத்தவர்களும் இதைவிடப் பன்மடங்கு. ஒரு மூட்டை அரிசிக்காக விற்ற நிலத்தை வாங்கியவர்கள் ஜோத்தேதார்களும் வணிகர்களும் கடன் கொடுத்தவர்களும். நேற்றுவரை சொந்த நிலத்தில் உழுதவன் அதே நிலத்தில் பங்குக்கு உழும் பர்கதாரானான். பாதி விளைச்சலைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்ற அவன்தான் 1946 இன் இறுதியில் கிசான் சபையின் கொடியின் கீழ், மூன்றில் இரண்டு பங்கு எனக்கே என்று கேட்டு, கதிரைத் தன் களத்துக்கே சுமந்து சென்றான். தெபாகா இயக்கம் என்று நாம் படிக்கிறோம். மூன்றாண்டுகளுக்கு முன் உணவு நிறைந்த கடைகளின் முன்னால் கை நீட்டிச் செத்தவர்களின் உறவினர்கள் அவர்கள். மனித இயல்பு அந்த மூன்றாண்டுகளில் மாறிவிட்டதா என்ன?

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். இதை விரைவாகவே சொல்லிவிடுகிறேன், புள்ளிவிவரங்கள் உங்களுக்குப் பழக்கமானவை. ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2024 இல் உலகில் சுமார் 67 கோடிப் பேர் நாட்பட்ட பசியில் இருந்தனர். உலகின் தானிய விளைச்சல் ஆண்டுக்கு 280 கோடி டன்னை ஒட்டியுள்ளது. 800 கோடிப் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலாகிக் காரின் தொட்டிக்குப் போகிறது. அந்தக் காரை ஓட்டுகிறவர் எவரையும் பட்டினி போட நினைத்தவர் அல்லர். வேலைக்குப் போகிறார், அவ்வளவே.

நம் நாட்டிலோ பதுக்கல்காரனே இல்லாத பட்டினியையும் பார்த்துவிட்டோம். 2002 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அரசுக் கிடங்குகளில் 6 கோடி டன்னுக்கும் மேலான தானியம் குவிந்திருந்தது. கையிருப்பாக வேண்டியதைவிட இரு மடங்குக்கு மேல் அது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஒடிசாவின் காசிப்பூரில் ஆதிவாசிகள் மாங்கொட்டைக் கூழைத் தின்று இறந்த செய்தி வந்தது. உணவு உரிமைக்காக மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் சென்றதும் அதே 2001 இல்தான். மானியத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்காக வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று மக்களைப் பிரித்து, மேலே தள்ளப்பட்டோருக்கு விலையை ஏற்றினார்கள். வாங்குவார் குறைந்தார்கள், கிடங்கு நிரம்பிற்று, பிறகு அந்தத் தானியத்தையே மலிவு விலையில் ஏற்றுமதி செய்தார்கள். எந்தத் தனிமனிதரின் பேராசை இதில் வருகிறது? கோப்பில் கையெழுத்திட்ட அதிகாரிக்கு ஒரு படி அரிசி கூடுதலாகக் கிடைத்திருக்காது.

1943 இன் அனுபவத்திலிருந்து பிறந்த கட்டுப்பாடுகளின் தொடர்ச்சியே 1955 ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம். ஒரு வணிகர் எவ்வளவு இருப்பு வைக்கலாம் என்று வரையறுக்கும் அதிகாரம் அதில் இருக்கிறது. 2020 இல் மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்றின் மூலம் அந்த அதிகாரத்தின் பல்லைப் பிடுங்கினார்கள். தானியத்தின் விலை ஒன்றரை மடங்கானால் மட்டுமே, காய்கனியாயின் இரண்டு மடங்கானால் மட்டுமே அரசு தலையிடலாம் என்று எழுதினார்கள். பதப்படுத்தும் நிறுவனங்களுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் அப்போதும் விலக்கு. ஜூன் மாதச் சோதனையில் கல்கத்தாவும் ஹௌராவும் விலக்கப்பட்டதை நினைத்துக்கொண்டேன். இந்தத் தலைநகரத்தின் எல்லைகளில் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்த விவசாயிகள் 2021 இன் இறுதியில் அதைத் திரும்பப் பெற வைத்தார்கள். நம்மில் பலர் சிங்கு எல்லைக்கும் திக்ரிக்கும் போயிருக்கிறோம். அங்கே நடந்த லங்கரில் நம்மிடம் எவரும் அட்டை கேட்கவில்லை, நாமும் சாப்பிட்டோம்.

'பட்டினி போடுதல்' என்ற வினைச்சொல்லுக்கு அகராதியில் எடுத்துக்காட்டுத் தேவையென்றால் இன்று காசா இருக்கிறது. உணவு லாரிகள் எல்லையில் நிற்க, உள்ளே குழந்தைகள் எலும்பாகிப் போனார்கள். பட்டினியைப் போர்க் கருவியாகப் பயன்படுத்தியதாகக் குற்றம் சாட்டி, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 நவம்பரில் இஸ்ரேலியப் பிரதமருக்கும் முன்னாள் பாதுகாப்பு அமைச்சருக்கும் பிடியாணை பிறப்பித்தது. காசாவில் பஞ்சம் நிலவுகிறது என்று ஐ.நா. ஆதரவு பெற்ற வல்லுநர் குழு முறைப்படி அறிவித்த நாள் 2025 ஆகஸ்ட் 22. 'ஸ்டேட்ஸ்மன்' படங்கள் வெளிவந்த அதே தேதி. தற்செயல்தான். ஆனால் அந்த அறிவிப்பாவது வந்தது. வங்காளத்துக்கு அதுவும் வரவில்லை.

இளம் தோழருக்கு நான் சொல்ல விரும்பும் பதில் இப்போது ஓரளவு உருப்பெற்றிருக்கிறது. உங்கள் நண்பர்களிடம் தன்னலம் இல்லை என்று வாதிடாதீர்கள். பம்பாயில் மே மாதம் பங்கீடு வந்தது, கல்கத்தாவில் மறு ஆண்டு ஜனவரியில்தான் வந்தது என்று சொல்லுங்கள். இரண்டு ஊரிலும் மனிதர்கள்தாமே என்று கேளுங்கள். அவர்கள் வேறு விளக்கம் வைத்திருந்தால் அடுத்த வகுப்பில் அதை இங்கே கொண்டுவாருங்கள், விவாதிப்போம்.

கையேட்டைப் பற்றி ஒரு செய்தி மட்டும். அந்த வாக்கியத்தை 'பட்டினி போடப்பட்டார்கள்' என்றே முதலில் மொழிபெயர்த்து அனுப்பினேன். மெய்ப்புப் பார்த்த தோழர், மூலத்தில் அப்படி இல்லையே என்று குறித்துத் திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது சரி. மொழிபெயர்ப்பாளன் உட்ஹெட் குழுவின் வாயில் நம் சொல்லை வைக்கக் கூடாது. எனவே அச்சில் 'பட்டினி கிடந்தார்கள்' என்றுதான் இருக்கும். நாற்பதாம் பக்கத்தை ஒட்டி வருகிறது. வகுப்பு நடத்தும் தோழர்கள் அந்த இடத்தில் சற்று நிறுத்தி, கிடந்தார்களா, போடப்பட்டார்களா என்று கேட்டுவிட்டு மேலே செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.